குறைந்த செலவில் ஹாம் வானொலி ஆன்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் வானொலிக்கு, அதாவது ஹாம் வானொலிக்குப் புதிதாக வருபவர்களிடம் டிரான்ஸீவர், அதாவது அலையை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி வாங்கிய பிறகு கையில் பணம் மிஞ்சுவது அரிது. ஆன்டெனாவையும் விலை கொடுத்து வாங்க வேண்டுமோ என்ற தயக்கத்திலேயே பலருடைய நிலையம் மாதக்கணக்கில் தொடங்காமல் கிடக்கிறது. எலக்ட்ரிகல் கடையிலும் குழாய்க் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, நம் மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ கட்டக்கூடிய ஆன்டெனாக்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

வீட்டில் செய்த ஆன்டெனா கடையில் வாங்கியதற்கு ஈடாகுமா?

கம்பி ஆன்டெனாக்களைப் பொறுத்தவரை ஈடாகும் என்றே உறுதியாகச் சொல்லலாம். அரை அலை டைபோல் என்பது சரியான நீளத்துக்கு வெட்டப்பட்ட இரண்டு செப்புக் கம்பிகள்தான். அதைத் தொழிற்சாலையில் வெட்டினாலும் வீட்டுத் திண்ணையில் வெட்டினாலும் அலை ஒரே விதமாகத்தான் கிளம்பும். ஓர் ஆன்டெனாவின் தரத்தை அதன் நீளமும், அது தரையிலிருந்து நிற்கும் உயரமும், அதற்குச் செல்லும் கேபிளும், இணைப்புகளின் சுத்தமும் தீர்மானிக்கின்றன. இவற்றில் கேபிள் ஒன்றுதான் பணம் கேட்பது. மற்றவை கவனத்தைக் கேட்பவை.

சொந்தமாக ஆன்டெனா கட்டத் தெரிந்திருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் நிலையம் இயக்குவதற்காகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன தீவுகளிலிருந்து வெளியுலகுக்குச் செய்திகளைக் கொண்டு சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் கடை திறந்திருக்காது. கையில் கிடைக்கும் கம்பியை அளந்து வெட்டி மரத்தில் ஏற்றத் தெரிந்தவருடைய வானொலிதான் அன்று பேசும்.

ஆன்டெனா கட்ட உரிமம் வேண்டுமா?

அலை பரப்புவதற்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி உரிமமும் அழைப்புக்குறியும் பெற வேண்டும். பொதுநிலை உரிமக்காரர்களின் அழைப்புக்குறி வியூ2 என்றும், வரையறுக்கப்பட்ட நிலையினரின் குறி வியூ3 என்றும் தொடங்கும். உரிமம் கைக்கு வருவதற்கு முன்பே ஆன்டெனாவைக் கட்டி, அதன் அளவுகளைச் சோதித்து வைத்துக்கொள்வது நல்ல பயிற்சி. விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் கம்பம் நடுவதற்கு முன் உயரக் கட்டுப்பாடுகளை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எந்த ஆன்டெனாவைக் கட்டலாம்?

கையில் இருப்பது குறுகிய அலை டிரான்ஸீவர் என்றால் 40 மீட்டர் பேண்டுக்கான, அதாவது அந்த அலைநீளத்தை ஒட்டிய அதிர்வெண் வரிசைக்கான டைபோல். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 2 மீட்டர் பேண்டுக்குரிய கை வானொலி, அதாவது ஹேண்டி என்றால் கால் அலை கிரவுண்ட் பிளேன், அதாவது நிமிர்ந்த ஒரு கம்பியும் அதன் அடியில் விரிந்த நான்கு கம்பிகளும் கொண்டது. இரண்டுமே சிறிய தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் ஆன்டெனாக்கள். நான்கைந்து பேண்டுகளில் வேலை செய்யும் ஓர் ஆன்டெனாவோடு தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் ஒரே பேண்டுக்கான ஒன்றை ஒழுங்காகக் கட்டி, அளந்து, அதில் பேசிப் பார்த்தவருக்கே அடுத்ததில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முடிகிறது.

டைபோலின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொண்டு, 143-ஐ அதனால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. அதன் நடுவான 7.1-க்கு, 143 வகுத்தல் 7.1 என்று போட்டால் ஏறத்தாழ 20.1 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10 மீட்டரும் சில சென்டிமீட்டரும் வரும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு இதில் சரிபாதி போதும்.

வெட்டவெளியில் அலைநீளத்தின் பாதியைக் கணக்கிட 150-ஐத்தான் வகுக்க வேண்டும். கம்பியின் பருமனும் முனைகளின் விளைவும் சேர்ந்து தேவையான நீளத்தைச் சுமார் ஐந்து விழுக்காடு குறைத்துவிடுவதால்தான் 143 என்ற எண் வந்தது. கம்பிக்கு மேல் பிவிசி உறை இருந்தால் நீளம் இன்னும் சில விழுக்காடு குறையும். தரையும் சுவரும் மரமும் அருகில் இருந்தாலும் கணக்கு சற்று மாறும். ஆகவே இந்தச் சூத்திரம் வெட்டத் தொடங்குவதற்கு மட்டுமே. பக்கத்துக்கு 10.4 மீட்டர் வெட்டி ஏற்றிவிட்டு, அளந்து பார்த்துக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. குறைப்பது எளிது. வெட்டிவிட்ட கம்பியை ஒட்டுப்போடுவது வீண் வேலை.

எந்தக் கம்பியை வாங்குவது?

வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செப்பு வயரே போதும். உறையை உரிக்க வேண்டியதில்லை. அது செம்பை உப்புக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கும். இந்த வயர் பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக விற்கப்படுகிறது. ஒரு சுருளில் நான்கு 40 மீட்டர் டைபோல்கள் கட்டலாம் என்பதால், நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு சுருள் வாங்கிப் பிரித்துக்கொள்வது சிக்கனமான வழி. மென்செம்பு சில மாதங்களில் இழுவிசையால் சற்று நீளும், அதனால் ஆன்டெனாவின் அதிர்வெண் கீழே இறங்கும். இதைக் கருதியே கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றுத் தொய்வாக விட வேண்டும்.

கட்டுக்கம்பி, துணி காயப்போடும் இரும்புக் கொடிக்கம்பி ஆகியவை அவசரத்துக்கு உதவும். இரும்பின் மின்தடை அதிகம் என்பதாலும் துத்தநாகப் பூச்சு போனதும் துருப்பிடிக்கும் என்பதாலும் அவற்றை நிலையான ஆன்டெனாவுக்குப் பரிந்துரைக்க முடியாது. அலுமினியம் நல்ல கடத்திதான். ஆனால் சாதாரண ஈயப் பற்று அதில் ஒட்டாது, திருகும் வாஷரும் போட்டே இணைக்க வேண்டும்.

நடு இணைப்பை எப்படிச் செய்வது?

டைபோல்கள் பெரும்பாலும் பழுதாவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளங்கை அகலத்தில், ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் காய் நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகையில் ஒரு துண்டு மிகவும் ஏற்றது. தகட்டின் இடப்பக்கம் மூன்று துளைகள், வலப்பக்கம் மூன்று துளைகள், கீழே கேபிளைக் கட்ட இரண்டு துளைகள் போடுங்கள். ஆன்டெனாக் கம்பியை முதல் துளையில் விட்டு, இரண்டாவதில் எடுத்து, மூன்றாவதில் மறுபடி விட்டால், கம்பியின் இழுவை முழுவதும் தகட்டின் மீதே விழும், பற்றவைத்த இடத்தின் மீது விழாது. கேபிளையும் அப்படியே கீழ்த் துளைகள் வழியாகக் கறுப்புப் பிளாஸ்டிக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டினால் அதன் எடையைத் தகடு தாங்கிக்கொள்ளும்.

அதன் பிறகு கேபிளின் மேலுறையை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு உரித்து, அதனடியில் உள்ள கம்பிப் பின்னலை ஓர் ஆணி முனையால் மெல்லப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்கி, நடுக் கம்பியின் உள்ளுறையை இரண்டு சென்டிமீட்டர் நீக்குங்கள். நடுக் கம்பியை ஒரு பக்கக் கம்பியோடும் பின்னலை மறுபக்கக் கம்பியோடும் முறுக்கிப் பற்றவையுங்கள். ஈயம் திரண்டு உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை என்று பொருள். இழைகளுக்குள் ஊடுருவிப் பளபளப்பாகப் பரவியிருக்க வேண்டும்.

கடைசி வேலை நீர் புகாமல் அடைப்பது. கேபிளின் திறந்த முனை வழியாக மழைநீர் பின்னலுக்குள் இறங்கினால், ஒரே பருவமழையில் பல மீட்டர் தூரத்துக்குச் செம்பு கறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பூசும்போது புளிப்பான காடி வாடை வீசும் சிலிக்கான் பசையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து வெளிப்படும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகையையோ எம்-சீல் போன்ற எபாக்ஸியையோ பூசி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது நல்லது. கேபிள் தகட்டிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு சிறு வளையம் விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இரு ஓரங்களுக்கும் இன்சுலேட்டராக விரற்கடை நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகளே போதும்.

எந்தக் கேபிள் வாங்க வேண்டும்? டிஷ் டிவி கேபிள் பயன்படுமா?

வானொலிக் கருவிகள் 50 ஓம் மின்மறுப்புக்கு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு எதிரான 50 ஓம் தடைக்கு அமைந்தவை. ஆர்ஜி-58, ஆர்ஜி-213 ஆகிய இரண்டும் 50 ஓம் கேபிள்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் திறனை விழுங்கும், இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே கேபிளை அதே நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே சூடாகப் போய்விடும். ஆகவே 2 மீட்டர் பேண்டுக்குக் கேபிள் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது தடித்ததாக இருக்க வேண்டும். ஆன்டெனாவில் மிச்சப்படுத்திய பணத்தைச் செலவிட இதைவிட நல்ல இடம் இல்லை.

டிஷ் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம் வகை. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வெட்டவெளியில் டைபோலின் மின்மறுப்பே சுமார் 73 ஓம்தான். 50 ஓம் கருவிக்கும் 75 ஓம் கேபிளுக்கும் இடையே எஸ்டபிள்யூஆர், அதாவது பொருத்தம் சரியில்லாமல் திறன் திரும்பி வருவதைக் காட்டும் நிலை அலை விகிதம், 1.5 வரை வரலாம். அதில் திரும்பி வரும் திறன் நூற்றுக்கு நான்கு மட்டுமே. நுரை உள்ளுறை கொண்ட நல்ல ஆர்ஜி-6 கேபிளின் இழப்பு ஆர்ஜி-58-ஐவிடக் குறைவு என்பதால், நீண்ட ஓட்டத்துக்கு அதுவே லாபம். அதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னல் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் பற்றவைக்க முடியாது. எஃப் வகை இணைப்பானையோ திருகுப் பிடியையோ நாட வேண்டும்.

பேலன் இல்லாமல் டைபோல் வேலை செய்யாதா?

வேலை செய்யும். ஆனால் கோஆக்சியல் கேபிளின் பின்னலுக்கு வெளிப்புறமும் ஒரு கம்பிபோல நடந்துகொண்டு அலையின் ஒரு பகுதியை வீட்டுக்குள் கொண்டு வரும். மைக்கைத் தொட்டால் சுரீர் என்று கடிப்பது, பேசும்போது கணினி ஒலிபெருக்கி உறுமுவது, கேபிளைத் தொட்டால் எஸ்டபிள்யூஆர் மாறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இதைத் தடுக்கவே ஒன்றுக்கு ஒன்று சோக் பேலன் வைக்கிறோம். 43 அல்லது 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி நடுத் தகட்டுக்கு அடியில் தொங்கவிட்டால் போதும். ஃபெரைட் கிடைக்காவிட்டால், கேபிளையே ஒரு சாண் விட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிக் கட்டலாம்; முழுப் பயன் தராவிட்டாலும் ஓரளவு உதவும். பழைய கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் மஞ்சள், வெள்ளை நிறப் பூச்சுள்ள வளையங்கள் இரும்புத் தூளால் ஆனவை. அவை இந்த வேலைக்கு ஆகா.

எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்?

யாரோடு பேச விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலையின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டர் பரப்பில் மழைபோல இறங்கும். சென்னைக்கும் மதுரைக்கும் நேர்த்தூரம் சுமார் 420 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்குள்ளும் அண்டை மாநிலங்களிலும் உள்ள நண்பர்களோடு பகலில் பேச இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. இரண்டு மாடி வீட்டின் மேல் ஒரு சவுக்குக் கம்பு நட்டால் இந்த உயரம் தானாகவே வந்துவிடும்.

இந்த முறை நம் பகுதியில் நன்றாகக் கைகொடுப்பதற்குப் புவியியலும் ஒரு காரணம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியத் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். இப்பகுதியில் பகல் நேர அயனி மண்டலம் பொதுவாக அடர்ந்தே இருப்பதால், செங்குத்தாக மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையும் பெரும்பாலான நாள்களில் தப்பிப் போகாமல் திரும்பி வருகிறது. உச்சி வெயிலில் கீழ் அடுக்கு அலையை உறிஞ்சுவதால் குரல் சற்று மங்கும். காலையும் மாலையும் தெளிவாக இருக்கும். பின்னிரவில் அடர்த்தி குறையும்போது அருகில் உள்ளவர்கள் மறைந்து தொலைவில் உள்ளவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.

வெளிநாடுகளோடு பேச வேண்டுமானால் உயரம் அரை அலையாவது இருக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது 20 மீட்டர். பெரும்பாலான வீடுகளில் இயலாத காரியம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கணக்கு 10 மீட்டர்தான் என்பதால், 40 மீட்டர் டைபோல் நிற்கும் கம்பத்திலேயே 20 மீட்டர் பேண்டுக்கான கம்பிகளையும் அதே நடு இணைப்பில் சேர்த்து, சற்று வேறு திசையில் இழுத்துக் கட்டினால், ஒரே கேபிளில் இரண்டு பேண்டுகளும் கிடைக்கும்.

இரண்டு கம்பங்கள் நட இடமில்லை. என்ன செய்வது?

நடுவில் ஒரே கம்பம் நட்டு, இரு பக்கக் கம்பிகளையும் கூரைபோலச் சரித்துக் கட்டுவது இன்வெர்டட் வி. இரு கம்பிகளுக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. ஓரங்கள் ஆள் கைக்கு எட்டாதபடி மூன்று மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அலை பரப்பும்போது டைபோலின் ஓரங்களில்தான் மின்னழுத்தம் மிக அதிகம், தொட்டால் தோல் பொசுங்கும். இன்வெர்டட் வியின் மின்மறுப்பு 50 ஓமை நெருங்கி வருவது கூடுதல் வசதி. நடுக் கம்பத்துக்குச் சவுக்கும் மூங்கிலும் விலை மலிவானவை, அவை மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதும் நமக்கு நல்லதே. தென்னை மரத்தில் கட்டுவதானால் மரம் காற்றில் ஆடுவதற்கு இடம்கொடுத்து, கயிற்றை ஒரு கப்பி வழியாக விட்டு நுனியில் எடை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு முனையில் ஊட்டம் தரும் அரை அலைக் கம்பி ஏற்றது. பால்கனியிலிருந்து 20 மீட்டர் கம்பியை எதிரே உள்ள மரத்துக்கோ மேல் மாடிக்கோ இழுத்தால் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில் பேச முடியும். கம்பியின் முனையில் மின்மறுப்பு இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் என்ற அளவில் இருப்பதால், 49-க்கு 1 என்ற விகிதத்தில் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தேவை. எஃப்டி240-43 என்ற ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று இரண்டு, இரண்டாம் நிலைச் சுற்று பதினான்கு என்று சுற்றி அதைச் செய்துகொள்ளலாம். 100 வாட் அனுப்பும்போது அந்த முனையில் ஏறத்தாழ 500 வோல்ட் நிற்கும். குழந்தைகள் விளையாடும் பால்கனியில் அந்த முனை இருக்கலாகாது.

எஸ்டபிள்யூஆர் எவ்வளவு இருக்க வேண்டும்? எதைக் கொண்டு அளப்பது?

எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் திரும்பி வருவது நூற்றுக்கு 4 பங்கு. 2 என்றால் 11. 3 என்றால் 25. 1.5-க்குள் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு புள்ளியைக் குறைக்கக் கம்பத்தின் மேலும் கீழும் ஏறி இறங்குவது தேவையற்ற உழைப்பு. எதிர்முனையில் கேட்பவரால் அந்த வேறுபாட்டை உணரவே முடியாது.

அளப்பதற்குச் சாதாரண எஸ்டபிள்யூஆர் மீட்டரே போதும். நானோவிஎன்ஏ என்ற சிறிய கருவி கிடைத்தால் வேலை பன்மடங்கு எளிதாகும். அது தானே மிகச் சிறிய சமிக்ஞையை அனுப்பி, எந்த அதிர்வெண்ணில் ஆன்டெனா ஒத்திசைகிறது என்பதை வரைபடமாகக் காட்டிவிடும். கேபிளின் முனையில் வைத்து அளவுத்திருத்தம் செய்த பிறகே அளக்க வேண்டும். அது இணைந்திருக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆன்டெனாவில் யாரும் அலை பரப்பக் கூடாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டு. பக்கத்துக்கு 10.40 மீட்டர் விட்டு ஏற்றிய டைபோல் 6.85 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைகிறது என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 7.10. பத்தரைக்குச் சற்றுக் குறைவான அந்த நீளத்தை 6.85-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 10.03 வரும், ஆகவே பக்கத்துக்கு 37 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். முதலில் 30 சென்டிமீட்டர் மட்டும் இரு பக்கமும் சமமாகக் குறைத்து, மறுபடி ஏற்றி அளந்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யுங்கள். வெட்டி எறிவதற்குப் பதிலாக மடித்து, கம்பியோடு சேர்த்து இறுக்கமாக முறுக்கிவிட்டால் பின்னால் திருத்தவும் இடமிருக்கும்.

குறைந்த எஸ்டபிள்யூஆர் மட்டுமே நல்ல ஆன்டெனாவுக்குச் சான்றாகாது. சோதனைக்குப் பயன்படும் 50 ஓம் டம்மி லோடு எஸ்டபிள்யூஆர் 1 காட்டும். ஆனால் அது அலையைப் பரப்புவதில்லை. மழைநீர் புகுந்து கெட்டுப்போன கேபிளும் அப்படித்தான் அழகான எண்ணைக் காட்டி ஏமாற்றும். எல்லா அதிர்வெண்களிலும் எஸ்டபிள்யூஆர் குறைவாகவே இருந்தால் மகிழ வேண்டாம், கேபிளைச் சந்தேகியுங்கள்.

2 மீட்டர் பேண்டுக்குக் கிரவுண்ட் பிளேன் எப்படிச் செய்வது?

எஸ்ஓ-239 என்ற சதுர வடிவ சாசி இணைப்பான் ஒன்றும், இரண்டே முக்கால் மீட்டர் தடித்த செப்புக் கம்பி அல்லது பித்தளைப் பற்றவைப்புக் கம்பியும் போதும். நடு முனையில் 49 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். சதுரத்தின் நான்கு மூலைத் துளைகளிலும் 51 அல்லது 52 சென்டிமீட்டர் கம்பிகளைத் திருகி, அவற்றை 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். கிடைமட்டமாக விட்டால் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும்; சரித்துவிட்டால் 50-ஐ நெருங்கும். இணைப்பானுக்குக் கீழே ஒரு பிவிசி குழாயைச் செருகி அதற்குள் கேபிளை இறக்கினால் கம்பமும் ஆயிற்று, மழைத் தடுப்பும் ஆயிற்று. 435 மெகாஹெர்ட்ஸிலும் இதே ஆன்டெனா முக்கால் அலையாக ஒத்திசையும். ஆனால் அலை சற்று மேல்நோக்கிப் போகும்.

இந்தப் பேண்டில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் உயரமே எல்லாம். இரு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இருவரும் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 26 கிலோமீட்டர்; மறுமுனையில் இருப்பது 1500 மீட்டர் மலை மேலுள்ள ரிப்பீட்டர், அதாவது கேட்ட குரலை மறுபடி பரப்பும் நிலையம் என்றால் 170 கிலோமீட்டரைத் தாண்டும்.

அளவு டேப்பில் யாகி செய்யலாம் என்பது உண்மையா?

உண்மைதான். 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் வெளியிட்ட திசைமுக ஆன்டெனாவின் எளிய வடிவம் இது. ஓர் அங்குல அகலமுள்ள எஃகு அளவு டேப்பை வெட்டி, அரை அங்குல பிவிசி குழாயில் பைப் கிளாம்பால் பொருத்த வேண்டும். தையற்காரர் பயன்படுத்தும் துணி டேப் உதவாது. 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பின்னால் நிற்கும் பிரதிபலிப்பான் 106 சென்டிமீட்டர். நடுவில் நிற்கும், கேபிள் இணையும் ஊட்ட உறுப்பு பக்கத்துக்கு 45.5 சென்டிமீட்டர், இடையில் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. முன்னால் நிற்கும் வழிகாட்டி 90 சென்டிமீட்டர். பிரதிபலிப்பானுக்கும் ஊட்ட உறுப்புக்கும் இடைத்தூரம் 20, அங்கிருந்து வழிகாட்டிக்கு 32 சென்டிமீட்டர். 12.5 சென்டிமீட்டர் கம்பியைக் கொண்டை ஊசிபோல வளைத்து ஊட்ட உறுப்பின் இரு பாதிகளுக்கும் குறுக்கே பற்றவைத்தால் மின்மறுப்பு பொருந்திவிடும். பற்றவைக்கும் இடத்தில் டேப்பின் வண்ணப் பூச்சை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டும்.

டேப் மடங்கிச் சுருளும் என்பதால் இதைப் பேருந்திலேகூட எடுத்துச் செல்லலாம். 145.800 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் குரலைக் கேட்க இது அருமையான கருவி. நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்கும் அதைக் கையில் பிடித்து வானில் பின்தொடர்ந்துகொண்டே, கைமணிக்கட்டைச் சுழற்றி எந்தக் கோணத்தில் ஒலி தெளிகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு வானொலியை அறிமுகப்படுத்த இதற்கு நிகரான செயல்விளக்கம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவை மேம்படுத்த முடியுமா?

49 சென்டிமீட்டர் மெல்லிய வயர் ஒன்றை ஆன்டெனா இணைப்பானின் வெளிப்புற உலோகத்தோடு தொடர்புபடுத்திக் கீழே தொங்கவிடுங்கள். ஆன்டெனாவின் மறுபாதியாக அதுவரை உங்கள் கையும் உடலும் செய்த அரைகுறை வேலையை அந்த வயர் ஏற்றுக்கொள்ளும். எட்டாத ரிப்பீட்டர் எட்டிவிடுவதும் உண்டு.

இரைச்சல் அதிகமாக இருக்கிறது. ஆன்டெனாவில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர், மலிவான சார்ஜர்கள், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் ஆகியவற்றின் ஸ்விட்சிங் சுற்றுகளே காரணம். டிரான்ஸீவரை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அடங்காவிட்டால் ஆன்டெனாவைத் தெரு விளக்குக் கம்பத்திலிருந்து தள்ளி, திசை மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

மின்கம்பி, இடி, மின்னல் ஆகியவற்றில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?

சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் இது. கம்பம் எந்தத் திசையில் சாய்ந்தாலும், கம்பி எங்கே அறுந்து விழுந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத இடத்தில்தான் ஆன்டெனா நிற்க வேண்டும். கம்பத்தின் உயரத்தில் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்பது நல்லது. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாக் கம்பியைக் கொண்டு செல்லவே கூடாது. மரக்கிளைக்கு மேல் எடை கட்டிய நூலை எறியும்போதும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டே எறியுங்கள். கம்பம் ஏற்றும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஈரத்திலும் காற்றிலும் தொடங்கவே வேண்டாம்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகைப் பருவமழையிலும் இடி நெருங்குவதற்கு முன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. நேரடியாக இடி விழாவிட்டாலும் தொலைவில் வெட்டும் மின்னலே ரிசீவரின் முன்முனையை எரிக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே மண்ணில் ஒரு எர்த் கம்பியை இறக்கி, கேபிளின் வெளிப்பின்னலை அதோடு இணைத்து வைப்பது மேலும் காக்கும். சமையல் எரிவாயுக் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது.

இப்படிக் கட்டிய ஆன்டெனா எத்தனை ஆண்டு தாங்கும்?

செப்புக் கம்பி பல ஆண்டுகள் தாங்கும்; வெயிலில் முதலில் போவது கயிறும் டையும்தான். வெள்ளை நிற நைலான் டைகள் ஒரே கோடையில் நொறுங்கும், கறுப்பு நிறத்தவை கூடுதல் காலம் நிற்கும். கடலோர ஊர்களில் திருகுகள் எஃகாக இருந்தால் துருப்பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். செம்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தில் உப்புக் காற்று பட்டால் அரிப்பு விரைவாகும் என்பதால் இடையில் ஒரு துருப்பிடிக்காத எஃகு வாஷர் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன்பாக, ஆன்டெனாவை இறக்கி நடு இணைப்பின் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். முதன்முதலில் ஏற்றியபோது எடுத்த எஸ்டபிள்யூஆர் அளவுகளை, அதிர்வெண் வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், அன்றைய அளவோடு ஒப்பிட்டு எது தளர்ந்திருக்கிறது என்று இறக்காமலேயே கண்டுகொள்ளலாம். ஒத்திசைவு கீழே இறங்கியிருந்தால் கம்பி நீண்டிருக்கிறது. மேலே ஏறியிருந்தால் ஓரத்தில் அறுந்திருக்கிறது. அளவு நிலையில்லாமல் காற்றுக்கு ஏற்பத் துள்ளினால் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது.